அறிவியல் பதில்கள்: கிடைக்காத ஆக்சியானுக்கு இவ்வளவு செலவா?

கேள்வி: ரேடார் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிரபஞ்சத்தில் ஒளி விடாமல் மறைந்திருக்கும் கரும்பொருள், எலக்ட்ரானைவிடப் பல கோடி மடங்கு லேசான துகளாக இருக்கலாம் என்று படித்தேன். அதை எந்தக் கருவி பிடிக்கும்? இத்தனை வருடமாகக் கிடைக்கவில்லையே, வீண்செலவு இல்லையா?
- ஒரு வாசகர், ஜாலஹள்ளி, பெங்களூரு

சார், நீங்கள் புழங்கிய மைக்ரோவேவ் சாமான்கள்தான் பிடிக்க வேண்டும். ஆக்சியான் என்ற அந்தத் துகள், பலமான காந்தப்புலத்தில் மைக்ரோவேவாக மாறலாம். அந்த அலைவரிசைக்கு ஒத்திசையும் கேவிட்டியை, அதாவது மூடிய உலோக அறையை, அங்கே வைத்தால் சிக்னல் வலுக்கும் என்று 1983-இல் இயற்பியலாளர் பியர் சிகிவி சொன்னார். சியாட்டிலில் நடக்கும் ஏடிஎம்எக்ஸ் சோதனை இதைத்தான் செய்கிறது.

சிக்னல் எவ்வளவு இருக்கும்? ஒரு வாட்டை மூன்று முறை கோடியால் வகுத்து, அப்புறம் நூறாலும் வகுங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். கேவிட்டியின் சொந்த வெப்பமே அதை மூழ்கடித்துவிடும். அதனால் தனிச்சுழி வெப்பநிலைக்கு (சுமார் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) மிக அருகே குளிர்விக்கிறார்கள். ஆக்சியானின் நிறை தெரியாததால் அலைவரிசையும் தெரியாது. உள்ளே இருக்கும் தண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவதுபோல் தேட வேண்டும். 2018-இல் வெளியான முடிவில் அலசியது 645 முதல் 680 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே. அங்கே ஆக்சியான் இல்லை.

அந்த 'இல்லை'யை நம்பலாமா என்பதுதான் முக்கியமான கேள்வி. நம்பலாம். இடையிடையே போலி சிக்னலை ரகசியமாகச் செலுத்தி, குழு அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். போலி சிக்கும் இடத்தில் அசலும் இருந்திருந்தால் சிக்கியிருக்கும். கல்லூரி லேபில் மைக்ரோவேவ் பெஞ்ச் வைத்துப் பாடம் எடுத்தவள் நான். மீட்டர் அசையாத இடத்தையும் நோட்டில் எழுது என்று மாணவர்களிடம் விடாமல் சொல்வேன். அதுவும் அளவீடுதான். அதனால் வீண்செலவு என்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை, சார். அலசி முடித்த பகுதியில் அடுத்தவர் மறுபடி காசைக் கொட்ட வேண்டியதில்லை.

கேள்வி: சூரியனிலிருந்தும் ஆக்சியான் வருமா, மேடம்?
- பியூசி மாணவி, அல்சூர்

ஆக்சியான் உண்மையிலேயே இருந்தால் வரும், கண்ணு. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தின் காஸ்ட் சோதனையில், எல்எச்சி என்ற துகள் மோதுவிக்காகச் செய்த மாதிரிக் காந்தம் ஒன்றைச் சூரியன் பக்கம் திருப்பினார்கள். அந்தக் கனமான காந்தத்தை மேலும் கீழும் 8 டிகிரி அளவுக்குத்தான் சாய்க்க முடியும். அதனால் உதயத்தில் ஒன்றரை மணி நேரம், அஸ்தமனத்தில் ஒன்றரை மணி நேரம் மட்டுமே பார்த்தார்கள். ஆக்சியான் வந்திருந்தால் காந்தத்துக்குள் எக்ஸ் கதிராக மாறியிருக்கும். அப்படிக் கூடுதலாக எதுவும் பதிவாகவில்லை.