வாசகர் கேள்விகள்: சுரங்கப்பாதை மேடாகத் தெரிவது ஏன்?

கேள்வி: மழைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும் என்று காட்டும் ஆப் எழுதுகிறேன். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரக் கோப்பை ஏற்றினால், வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை பள்ளமாகவே தெரியவில்லை. தரை உயரத்தைக் கட்டங்களாக வைப்பதா, முக்கோணங்களாகவா, சம உயரக் கோடுகளாகவா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: சம உயரக் கோடுகளை முதலில் தள்ளிவிடுங்கள். அவை கண்ணுக்கு அழகு; இரண்டு கோட்டுக்கு நடுவில் என்ன உயரம் என்று கேட்டால் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

கட்டமே அடிப்படையாக இருக்கட்டும். கோளாறு நீங்கள் ஏற்றிய கோப்பில் இருக்கிறது. எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் எடுத்தது. ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர், உயரம் முழு மீட்டரில் மட்டும். ரேடார் பார்த்ததில் மொட்டைமாடியும் மரமும் கலந்திருக்கும். நம் பக்கமோ அரை அடி உயர்ந்த வாசற்படி இருந்தால் ஒரு வீடு தப்பும், பக்கத்து வீடு மூழ்கும். போதாததற்குச் சுரங்கப்பாதையில் ஒரே இடத்துக்கு இரண்டு உயரம்: மேலே தண்டவாளம், கீழே சாலை. கட்டத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும்.

எனவே தெருமுனைதோறும் ஆட்டோ லெவல் (நிலமட்டம் அளக்கும் சர்வே கருவி) வைத்து எடுத்த புள்ளிகளைச் சேருங்கள். நடைபாதை விளிம்பு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை, சுரங்கப்பாதைச் சரிவு ஆகியவற்றைக் கோடுகளாகக் கொடுத்து, எந்த முக்கோணமும் அவற்றைக் குறுக்கே வெட்டாதபடி டிலோனே முக்கோணங்கள் (புள்ளிகளை இணைத்து, முடிந்தவரை ஒல்லியாகாமல் அமைக்கும் முக்கோணங்கள்) கட்டுங்கள். பிறகு அதை 1 மீட்டர் கட்டமாக மாற்றுங்கள். சுரங்கப்பாதையில் சாலை உயரம் மட்டும். தண்டவாளம் தனி அடுக்கு. இல்லையென்றால் ரயில் மேடு அணைக்கட்டாகி, ஆப்பில் தண்ணீர் தப்பான தெருவுக்குத் திரும்பும்.

உயரத்தை சென்டிமீட்டரில், குறியுள்ள (பிளஸ், மைனஸ் இரண்டும் கொள்ளும்) 16 பிட் எண்ணாக வையுங்கள். 327 மீட்டர் வரை கொள்ளும், சென்னைக்குத் தாராளம். 10 கி.மீ.க்கு 10 கி.மீ. என்றால் 10 கோடி கட்டம், 20 கோடி பைட். போன் திணறும், 256க்கு 256 துண்டுகளாக வெட்டி, திரையில் தெரியும் துண்டுகளை மட்டும் ஏற்றுங்கள்.

எஸ்ஆர்டிஎம்மை வெளியூர்ப் பகுதிக்கு வைத்துக்கொள்வதானால் இரண்டு பொறி. அதன் எச்ஜிடி வகைக் கோப்பில் ஒவ்வோர் உயரமும் இரண்டு பைட்; மதிப்பு கூடிய பைட் முதலில் வரும். மாற்றிப் படித்தால் 5 மீட்டர் 1280 மீட்டராகும், தண்டையார்பேட்டை மலையாகிவிடும். அடுத்து, தரவு இல்லாத கட்டத்தில் -32768 இருக்கும். மூன்று மூலையில் 4, நாலாவதில் அது என்றால் நடுப்புள்ளியின் சராசரி -8189! கணக்குக்கு முன்பே சல்லடை போடுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் நின்றால் என் ஆப்பில் ஜிபிஎஸ் உயரம் மைனஸ் 80க்கும் கீழே காட்டுகிறது. போன் பழுதா?
– வாசகர், ராயபுரம்

பதில்: பழுதில்லை. ஆண்ட்ராய்டின் வழக்கமான உயரம் கணித நீள்வட்டக் கோளத்திலிருந்து எண்ணுவது. இலங்கைக்குத் தெற்கே ஜியாய்டு (புவியீர்ப்பை ஒட்டிய சராசரி கடல்மட்டப் பரப்பு) அதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் சென்னை. ஜிபிஎஸ் உயரத்திலிருந்து ஜியாய்டு எண்ணைக் கழியுங்கள்; அது மைனஸ் என்பதால் கூட்டலாகிவிடும். ஜியாய்டு எண்ணைத் தரும் மாதிரிகளில் எஸ்ஆர்டிஎம்முக்கு இஜிஎம்96, கோபர்நிக்கஸ் (ஐரோப்பிய) உயரக் கோப்புக்கு இஜிஎம்2008. கலந்துவிடாதீர்கள்.