தந்தையின் கைபேசியில் எந்த ஆம்புலன்ஸ் செயலி?

பெங்களூரில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் தந்தைக்கு வயது 74. சர்க்கரை நோய் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். புதுக்கோட்டை அருகே கிராமத்தில் அம்மாவுடன் இருக்கிறார். அறிகுறிகளைக் கேட்டு, அவசரத்தைக் கணித்து, ஆம்புலன்ஸையும் அனுப்புவதாகச் சொல்லும் தனியார் செயலியை அவருக்குப் போட்டுக் கொடுக்கலாமா?"

வேண்டாம். உங்கள் தந்தையைப் பொறுத்தவரை அது ஆபத்தானதும்கூட. அத்தகைய செயலி 'நெஞ்சு வலிக்கிறதா' என்று கேட்கும். நீண்ட காலச் சர்க்கரை நோயால் நரம்புகள் மரத்துப்போனவருக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீர் வியர்வை, மூச்சுத்திணறல், வாயுத் தொல்லை போன்ற ஓர் அசௌகரியம், இவ்வளவுதான் தெரியும். அவர் 'இல்லை' என்று தொட்டவுடன், நாளை மருத்துவரைப் பார்த்தால் போதும் என்று அது சொல்லிவிடக்கூடும். 108-இல் பேசுபவரோ நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று உங்கள் அம்மாவிடம் கேட்பார். அவர் குரலில் உள்ள பதற்றமும் அங்கே கேட்கும்.

தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 சேவைக்கு 'அவசரம் 108' என்ற செயலி உண்டு. அதன் வழியாக அழைத்தால் இருப்பிடமும் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும் என்பதே அதன் பயன். இப்போதே பதிவு செய்து, இருப்பிட அனுமதியைக் கொடுத்து வையுங்கள். ஆனாலும் தெருப் பெயரோடு கோயில், ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி என்று ஓர் அடையாளத்தையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிரிட்டனில் 2014-இலேயே சாதாரண அவசர அழைப்போடு இருப்பிடம் தானாகச் செல்லும் வசதி தொடங்கிவிட்டது. நாமோ 74 வயதுக்காரரைப் பதிவு செய், அனுமதி கொடு என்று அலைக்கழிக்கிறோம். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இணையத் தேடலில் முதலில் வரும் ஆம்புலன்ஸ் எண்களையும், மருத்துவமனை வாசலில் ஒட்டியிருக்கும் எண்களையும் அழைக்காதீர்கள். அவற்றில் சில தரகர்களுடையவை. நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மருத்துவமனையிலிருந்து கமிஷன் வாங்குபவர்கள் அவர்கள். அருகில் இருந்த அரசு மருத்துவமனையைத் தாண்டி, இதய சிகிச்சை வசதியே இல்லாத இடத்தில் இறக்கிவிடப்பட்டு, நேரம் கடந்தபின் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டியில் ஏறியபின் ஓட்டுநர் வேறு மருத்துவமனையின் பெயரைச் சொன்னால், அதைச் சொல்லச் சொன்னது யார் என்று கேளுங்கள். 108 வண்டிக்குக் கட்டணம் கிடையாது; யாராவது பணம் கேட்டால் அது 108 அல்ல.

இன்னொன்றைக் கவனமாகப் படியுங்கள். அம்மா உங்களைத்தான் முதலில் அழைப்பார். பதற்றத்தில் நீங்கள் பெங்களூரிலிருந்து 108-ஐ அழைத்தால், அது கர்நாடகத்தின் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். கையில் இருப்பது தமிழ்நாட்டு சிம் கார்டு என்பது உதவாது. நீங்கள் நிற்கும் மாநிலமே கணக்கு. செயலி வழியாக முயன்றாலும் அது காட்டுவது உங்கள் இருப்பிடத்தை, அப்பாவுடையதை அல்ல. ஆகவே, உங்களை அழைக்கும் முன் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள். அடுத்த வீட்டார் இருவரின் எண்களை உங்கள் கைபேசியில் வையுங்கள். அம்மாவால் பேச முடியாவிட்டால் அவர்களில் ஒருவர் அங்கிருந்து அழைக்கட்டும், மற்றவர் தெருமுனையில் வண்டிக்கு வழிகாட்ட நிற்கட்டும். இதற்குப் பட்டன் போனே போதும்.