ஞாயிறு மட்டும்தான் லீவு: சுங்கை சிப்புட்டில் பொதுச்சேவையை எங்கே தொடங்குவது?

கேள்வி: பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை உடைத்த பிறகு தாமான் என்ற குடியிருப்புப் பகுதியில் இருக்கிறோம். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஞாயிறு மட்டும்தான் நிச்சயமான லீவு. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பணமாகக் கொடுக்க வசதி இல்லை. கட்சி, மாலை, படம் என்று எதிலும் மாட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை. நான்காம் படிவம் படிக்கும் மகளும் கூட வருகிறேன் என்கிறாள். பள்ளியில் அவளுக்கு இது கணக்கில் வருமா? எங்கே போய், யாரிடம் கேட்பது?

பதில்: சகோதரி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் உங்களால் ஒதுக்க முடிந்தால் அதுவே தாராளம். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எல்லா ஞாயிறும் வர வேண்டும். நம் ஊர்களில் ஒருநாள் நிகழ்ச்சிக்கு ஆள் சேர்ப்பது கஷ்டமே இல்லை. டி-சட்டை கொடுத்து, மதியம் சாப்பாடும் போட்டால் ஐம்பது பேர் வந்துவிடுவார்கள். அடுத்த வாரமும் அதே மேசையில் அதே ஆள் உட்கார்ந்திருப்பதுதான் அபூர்வம். அந்த ஆளாக நீங்கள் இருக்க முடியுமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். எந்த வேலை என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம்.

தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லாமலே புரியும். அங்கே பாரம் (படிவம்) நிரப்பக் கிராணி (எழுத்தர்) இருந்தார், காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க டிரெஸ்ஸர், பிள்ளைக்கு ஆயாக் கொட்டகை. சாவு விழுந்தால் லயமே வந்து நிற்கும். தாமானுக்கு வந்ததும் வீடு சொந்தமானது, மேலே சொன்ன எல்லாம் ஒன்றொன்றாகப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேறு தோட்டத்திலிருந்து வந்தவர், பெயர்கூடத் தெரியாது. எங்கே ஆள் தேவை என்று தேடுகிறவர்கள் இந்த இழப்பு இருக்கும் இடத்தில்தான் தேட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. மஇகா தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் பிறந்தது உங்கள் ஊரில்தான். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். ரப்பர் பால் மரம் சீவியவர்களிடம் பெருந்தொகை கேட்கவில்லை. மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) என்று தவணையில்தான் பங்குப் பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. பணம் கொடுக்க வசதியில்லை என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் வேண்டாம், நேரத்தையும் தவணையில் கொடுக்கலாம்.

சரி, என்ன வேலை? என்னைக் கேட்டால் முதலிடம் பாரம் நிரப்புவதற்குத்தான். யாரும் பொன்னாடை போர்த்தாத வேலை, ஆனால் ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றக்கூடியது. உதவித்தொகை மனு, சமூக நலத்துறை பாரம், கல்வி உதவி என்று எல்லாமே இப்போது மலாயில், அதுவும் பெரும்பாலும் கைப்பேசி வழியாக. அறுபது வயதுப் பாட்டிக்கு அது மூடிய கதவு. பாரத்தைத் தாண்டித் தகவலுக்கும் பஞ்சம் இருக்கிறது. 55 வயதுக்கு உட்பட்ட இல்லத்தரசிகளுக்கு சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் தனித் திட்டம் 2022 டிசம்பரில் வந்தது. வருடத்துக்கு 120 வெள்ளி. வீட்டு வேலையில் அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். ஊழியர் சேமநிதியில் வாரிசு பெயர் போடாமலே இருப்பவர்களையும் விசாரியுங்கள். ஆள் போன பிறகு குடும்பம் அலையும் அலைச்சலில் பாதி இதனால்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிறப்புப் பத்திரம். தீபகற்ப மலேசியாவில் பிள்ளை பிறந்த 60 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும். 12 வயதில் அடையாள அட்டை. பெற்றோரின் திருமணம் பதிவாகாமல் இருப்பது, தாயிடமே ஆவணம் இல்லாமல் இருப்பது போன்ற சிக்கல்களால் இந்த இரண்டும் தவறிப்போன பிள்ளைகள் தோட்டப் பகுதிகளில் இன்னமும் இருக்கிறார்கள். பள்ளி, வேலை, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் தடுக்கிவிழுவார்கள். இதை நீங்கள் தனியாகத் தீர்க்க முடியாது, தீர்த்துத் தருகிறேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். நாடற்றோர் ஆவணப் பிரச்சினையிலேயே பல ஆண்டுகளாக வேலை செய்யும் டிஹெச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, தேசியப் பதிவுத்துறைக்குப் போகும் அன்று கூடப் போய் உட்கார்ந்திருப்பது, இவ்வளவுதான் உங்கள் பங்கு. அதுவே பெரிய பங்கு.

இந்த வேலையில் சில கட்டுப்பாடுகளைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய அடையாள அட்டை (ஐசி) நகலையும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், உங்கள் கைப்பேசியில் படமும் எடுக்காதீர்கள். கடவுச்சொல்லையும் குறுஞ்செய்தியில் வரும் எண்ணையும் அவர்களே தட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுங்கள். மோசடிக் கும்பல்கள் இப்படித்தான் நம்பிக்கையைச் சம்பாதித்துப் பணத்தை உருவுகின்றன. நல்ல எண்ணத்தோடு செய்பவர்மீதும் பழி விழுந்துவிடும். கணினிக்கும் இணையத்துக்கும் பக்கத்தில் அரசாங்கத்தின் நாடி இணைய மையம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு பெடி என்று பெயர் இருந்ததே, அதுதான். இல்லையென்றால் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போதும்.

அடுத்து நோயாளிகள். சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் வாரத்துக்கு மூன்று முறை போக வேண்டும், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். ஈப்போ மருத்துவமனைக்கு நாள் குறித்துக் கொடுத்தால், அங்கே போக வண்டி கிடைக்காமலே விட்டுவிடுகிற முதியவர்கள் உண்டு. கார் இருந்தால் இது அருமையான சேவை. ஆனால் இரவு ஷிப்ட் முடித்த காலையில் யாரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டாதீர்கள். கட்டணம் என்று எதுவும் வாங்கவும் வேண்டாம். வாடகைக்கு ஓட்டியதாக ஆகிவிட்டால், விபத்து நேரும்போது காப்புறுதி கைவிட்டுவிடும். கார் இல்லையென்றால் யாருக்கு எந்தத் தேதி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, ஓட்டக்கூடியவர்களைக் கூப்பிட்டுச் சொல்லும் ஆளாக இருங்கள். ஓட்டுநரைவிட அந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தகுதிப் புள்ளிகளில் 90 விழுக்காடு பாடத் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. பள்ளியின் புறப்பாட மதிப்பீட்டில் சமூக சேவைக்கும் இடம் இருக்கிறது. ஆனால் எல்லாக் கடிதமும் செல்லாது. தொடங்குவதற்கு முன்பே புறப்பாட ஆசிரியரைப் பார்த்து எந்த அமைப்பின் கடிதத்தை ஏற்பார்கள், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முடித்த பிறகு கடிதத்துக்கு அலைவதில் பயனில்லை. செயின்ட் ஜான் ஆம்புலன்சும் செம்பிறைச் சங்கமும் பள்ளியிலேயே சீருடை இயக்கங்களாக இருந்தால் அதில் சேர்வது நேர்வழி. முதலுதவி கற்றுக்கொள்வாள், ஊர்த் திருவிழாக்களில் கடமைக்கும் போவாள்.

அவளுக்கு நான் ஆசையாகச் சொல்வது வேறு ஒன்று. தமிழ்ப்பள்ளியில் நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மலாய் வாசிப்பது. ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தான பிறகு, வாசிக்கத் தடுமாறும் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் மேலே போய்விடுகிறான். இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது மலாயில் போதிய தேர்ச்சி இல்லாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்காரும் பிள்ளைகளை நாம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். அந்த ஓராண்டில் மனம் விட்டுப்போய்ப் பள்ளியையே விட்டவர்கள் உண்டு. பதினாறு வயது அக்கா ஒருத்தி வாரம் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து கதைப் புத்தகம் வாசித்தால், ஆசிரியரிடம் வராத தைரியம் அந்தப் பிள்ளைக்கு வரும். 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையமும் 1979இல் அமைந்த இ.டபிள்யூ.ஆர்.எஃப். கல்வி அறவாரியமும் தொண்டூழியர்களை வைத்து வளர்ந்த இயக்கங்கள்தாம். பக்கத்தில் அவற்றின் வகுப்போ முகாமோ நடந்தால் அங்கே முதலில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் வழியாகத் தலைமையாசிரியரைப் பாருங்கள். பிள்ளைகளோடு செய்யும் எதுவும் திறந்த இடத்தில், இன்னொரு பெரியவர் கண்ணெதிரே நடக்க வேண்டும். உங்கள் மகளுடைய பாதுகாப்புக்கும் இது பொருந்தும்.

நிகழ்ச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தை மாதப் பொங்கலும் தைப்பூசமும், வட்டார அளவில் இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, தீபாவளிக்கு முன் அன்பளிப்பு என்று வருடம் முழுக்க ஏதாவது இருக்கும். போங்கள், முகம் பழகும். ஆனால் போனால் மற்றவர்கள் விட்டுவிட்டுப் போகும் வேலையை எடுங்கள். தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்ற நிறையக் கைகள் உண்டு. மாலையில் கப்புகளையும் தட்டுகளையும் அள்ள நாலு பேர்கூட மிஞ்சுவதில்லை. அன்னதானச் சமையலில் கைகொடுப்பதானால் டைபாய்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். உணவகத் தொழிலாளிக்கு இருக்கும் கட்டாயத்தைப் பக்தர்களுக்குப் பரிமாறுகிறவர்கள் ஏன் ஏற்கக்கூடாது?

டிங்கிக் காய்ச்சலைத் தடுக்க நடக்கும் கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே ஆகும். வருடத்துக்கு ஒருமுறை பேனர் கட்டிப் பெருக்கினால் அடுத்த வாரமே பழைய கதைதான். உங்கள் வரிசையில் பத்து வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வாரம் பத்து நிமிடம் பூச்சாடித் தட்டு, பழைய டயர், கூரைத் தாழ்வாரம் என்று பார்த்துவந்தால் அதில் பலன் உண்டு.

இரத்த தானமும் பணம் கேட்காத சேவைதான். எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும், முந்தின இரவு ஐந்து மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும், சாப்பிட்டுவிட்டு ஐசியோடு போக வேண்டும். ஆகவே இரவு ஷிப்ட் வாரத்தில் வேண்டாம். மகளுக்கு 17 வயதானதும் உங்கள் ஒப்புதல் கையெழுத்தோடு அவளும் கொடுக்கலாம்.

கட்சியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற கவலைக்கு வருவோம். சின்ன ஊரில் கோயில் செயலாளரே கட்சிக் கிளையிலும் இருப்பார், பள்ளி வாரியத்திலும் இருப்பார். அவரைத் தவிர்த்துவிட்டு வேலை செய்ய முடியாது, தவிர்க்கத் தேவையும் இல்லை. அமைப்பு சங்கப் பதிவகத்தில் பதிவு பெற்றதா, ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் காட்டுகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். கேட்டதற்கே கோபப்பட்டால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. பணத்தை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். நல்ல காரியத்துக்கே ஆனாலும், வீடு வீடாகவோ தெருவிலோ நன்கொடை திரட்டக் காவல்துறை உரிமம் வேண்டும். 1947இலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. டப்பாவைக் கையில் கொடுத்து "சும்மா நில்லுங்க அக்கா" என்று யாராவது சொன்னால் உரிமக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்பதால் புதுச் சங்கம் தொடங்கலாம் என்றும் யாராவது வருவார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. ஊரில் சங்கங்களுக்குக் குறைவில்லை, குறைவு கைகளுக்குத்தான்.

யாரிடம் எப்படிக் கேட்பது? "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் "சொல்கிறோம்மா" என்ற பதிலோடு முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: "ஐயா, ஞாயிறு ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை நான் மண்டபத்தில் உட்கார்ந்து பாரம் நிரப்பித் தருகிறேன். ஒரு மேசை வேண்டும். காலைப் பூசை முடிந்ததும் ஒரு வார்த்தை அறிவித்தால் போதும். மூன்று மாதம் செய்து பார்க்கிறேன்." நேரம், இடம், வேலை, கெடு நான்கும் அதில் இருப்பதால் யாருக்கும் மறுக்கக் காரணம் இருக்காது. முதல் இரண்டு வாரம் ஒருவரும் வராமல் போகலாம். மூன்றாவது வாரம் ஒரு பாட்டி வருவார், அவர் போய்ச் சொன்னால் நாலு பேர் வருவார்கள்.

வர முடியாத ஞாயிறு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முதல் மாதத்திலேயே இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கிவிடுங்கள். ஓவர்டைம் வந்தாலும், உடம்பு முடியாமல் போனாலும் மேசை காலியாக இருக்காது.