திருவொற்றியூரில் இருந்துகொண்டு தூண்டிலுக்குச் செயற்கை ஈ கட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள முடியுமா?

வெளிநாட்டு வீடியோவில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி ஈ மாதிரி கட்டி மீன் பிடிக்கிறார்கள், அதற்குப் பொருள் இங்கே எங்கே கிடைக்கும், நம்ம ஊர் மீன் அதைக் கடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் மூன்று வருஷமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தாராளமாகச் செய்யலாம், ஆனால் முதலில் அந்த ஈயை மறந்துவிடுங்கள்.

வீடியோவில் வருவது குளிர்ந்த ஆற்றில் இருக்கும் டிரவுட் மீன். தண்ணீர் மேல் விழுகிற பூச்சியை அது தின்னும், அதனால் பூச்சி கட்டுகிறார்கள். எண்ணூர் முகத்துவாரத்துக் கொடுவா எந்தக் காலத்தில் ஈ தின்றது? அதுக்கு இறாலும் பொடி மீனும்தான். நாமும் அதையே கட்டுகிறோம், பேர் மட்டும் ஈ.

இது தெரியாமல் நான் ஆன்லைனில் நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினேன். உள்ளே இருந்ததெல்லாம் 14, 16 நம்பர் முள், கொசு சைஸ். (நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும், அதுவே அப்போது தெரியாது.) காசிமேட்டு வலைக் கடையில் காட்டினேன். "இன்னா தம்பி, இத்த வச்சி நெத்திலி புடிக்கப் போறியா?" என்றார் அண்ணன். அவரிடமே 2 நம்பரும் 1/0 முள்ளும் தங்கூஸ் நரம்பும் வாங்கினேன், இன்றுவரை அங்கேதான். உப்புத் தண்ணிக்கு என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டே தடவையில் துரு.

இறகுக்கு பிராய்லர் கடைக்குப் போகாதீர்கள். ஆறு வாரத்துக் கோழிக்குக் கழுத்தில் நல்ல இறகே வந்திருக்காது. வயசான நாட்டுச் சேவலின் கழுத்து இறகு வேண்டும், நீளமாக, பளபளவென்று. ஷாம்பூ போட்டு அலசி, நிழலில் காயவைத்து, அந்துருண்டையோடு டப்பாவில் போடுங்கள், நான் போடாமல் விட்டு ஒரு டப்பா முழுக்கப் பூச்சி அரித்துப் போனது. 1,800 வருஷத்துக்கு முன்னால் மாசிடோனியாவில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததாக ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார், ஆக நாம் ஒன்றும் புதுசாகச் செய்யவில்லை. நம்ம காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்கு வெளிநாட்டில் ஏகப்பட்ட கிராக்கி, சால்மன் மீனுக்குக் கட்டுகிற ஈக்களில் வைப்பார்கள். யாராவது கொடுத்தால்கூட வேண்டாம், அது வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பறவை. மிச்சமெல்லாம் சௌகார்பேட்டை: ஜரிகை, சம்கி நூல், வெள்ளைச் சவுரி, நகைப் பட்டறைக்காரர்கள் மோதிரத்தைக் கவ்விப் பிடிக்கிற சின்ன வைஸ்.

முதலில் கிளவுசர் என்கிற பொடி மீன் மாதிரியான ஈயைக் கட்டுங்கள். பாப் கிளவுசர் என்ற அமெரிக்கர் 1980களில் ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்காக உருவாக்கியது, எனக்குத் தெரிந்து நம்ம கழிமுகத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. முள்ளை வைஸில் மாட்டி, தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். முள்ளின் காதுக்கு (நரம்பு கோர்க்கிற ஓட்டை) கொஞ்சம் பின்னால், தண்டின் மேல்பக்கம், சாவிக்கொத்துக் குண்டுச் சங்கிலியில் இரண்டு குண்டு வெட்டி வைத்து எட்டுப் போடுகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் இறுக்குங்கள். அதுதான் கண். அந்தக் கனத்தில் தண்ணிக்குள் முள் தலைகீழாகப் புரண்டு, கூர்முனை மேலே பார்க்கும். எண்ணூர் அடித்தரையில் கிடக்கிற சிப்பியிலும் அறுந்த வலையிலும் அவ்வளவாக மாட்டாது. அப்புறம் சவுரி, நாலு இழை ஜரிகை, முடிச்சு, மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு (என் தங்கச்சியின் பாட்டில்கள் இப்போது பூட்டிய பீரோவில்). எல்லோரும் செய்கிற தப்பு, சவுரியை அள்ளி வைப்பது. நனைந்தால் துடைப்பக்கட்டை மாதிரி ஆகிவிடும். எவ்வளவு வேண்டும் என்று தோன்றுகிறதோ அதில் பாதி போதும். இன்னொரு தப்பு, காதுவரை சுற்றிவிட்டு, நரம்பு நுழைய ஓட்டை இல்லாமல் முழிப்பது.

வீசுவதற்குத் தனிக் கம்பும் கனமான லைனும் உண்டு. ஈக்குத் தானாகப் பறந்து போகிற அளவு கனம் கிடையாது, லைனின் கனம்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகும். அந்தச் செலவு இப்போது வேண்டாம். சாதாக் கம்பில் பெரிய தக்கை கட்டி, அதிலிருந்து மூன்றடி தள்ளி ஈயைக் கட்டி வீசி, விட்டு விட்டு இழுங்கள். சாயங்காலம் தண்ணீர் ஏறுகிற நேரம் போனால் குட்டிக் கொடுவாயாவது தட்டும். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் வந்து பரவினதிலிருந்து அங்கே பிடிப்பதை நான் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை, கழற்றி விட்டுவிடுகிறேன்.

முதல் இருபது ஈ கேவலமாகத்தான் வரும். பிளேடால் அறுத்து முள்ளை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், காசு அதுக்குத்தான்.