அது அழுக்கு இல்லை

கேள்வி: கிரீன் மேட் (பச்சைத் துணி) முன்னால் சிலம்பம் சுற்றும் பையனைப் படமெடுத்தேன். கீயிங் செய்து பச்சையை நீக்கினால் கம்பு பாதி காணாமல் போகிறது, மீதியின் ஓரமெல்லாம் பச்சை. இந்த அழுக்கைத் துடைக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது? (வாசகர், மதுரை)

பதில்: அழுக்கு என்று எழுதிவிட்டீர்களே, அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. கம்பின் நுனி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் அதற்குள் நுனி 20 சென்டிமீட்டர் கடந்துவிடும். அந்த இடம் முழுக்கக் கொஞ்சம் மூங்கில், நிறையப் பச்சை, இரண்டும் ஒரே பிக்சலில் கலந்தே பதிவாகும். பாலில் கலந்த தண்ணீரைத் துணியால் துடைத்தா எடுப்பீர்கள்? ஓரத்தைச் சுரண்டச் சுரண்ட கம்புதான் மொட்டையாகும்.

ஒன்று சொல்கிறேன். ஸ்டாப் மோஷனில் பொம்மையை அசையாமல் நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக எடுப்பார்கள். எல்லா ஃபிரேமும் கத்தி மாதிரி கூர்மை, அதனாலேயே திரையில் பொம்மை வெட்டி வெட்டி நடக்கும். 1981இல் வந்த 'டிராகன்ஸ்லேயர்' படத்துக்கு இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற எஃபெக்ட்ஸ் கம்பெனி ஆட்கள், ஷட்டர் திறந்திருக்கும்போதே மோட்டார் வைத்து டிராகன் பொம்மையை அசைத்தார்கள். 'கோ மோஷன்' என்று பெயர். அசைவால் வரும் அந்த மங்கலை வரவழைக்க ஓர் இயந்திரமே கட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு அது சும்மா கிடைத்திருக்கிறது, துடைக்கப் பார்க்கிறீர்கள்!

'எடிட்டில் பார்த்துக்கலாம்' என்கிற பேச்சை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை திட்டியிருப்பேன், இன்றும் திட்டுகிறேன். கேமராவை ஆட்டோ மோடில் விட்டுவிட்டு சாஃப்ட்வேர் கடை ஏறி இறங்குவது வீண்.

சரி, வேலைக்கு வருவோம். ஷட்டரை 1/100 வையுங்கள், மங்கல் பாதியாகும். வெளிச்சமும் பாதியாகும், அதனால் லைட்டை இரண்டு மடங்காக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதா டியூப்லைட்டில் 1/50, 1/100 இரண்டிலும் வெளிச்சம் ஆடாது. 1/125க்குப் போனால் அந்த ஆட்டம் (ஃப்ளிக்கர்) வரலாம். பையனைத் துணியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நிறுத்துங்கள், துணியிலிருந்து அவன்மேல் அடிக்கும் பச்சை குறையும். 4:2:0 என்கிற வீடியோ பதிவு முறையில் நாலு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல்தான், ஓரம் பிசிறடிக்க அதுவும் காரணம். கேமராவில் நிறத்தை இன்னும் கூடுதலாகப் பதியும் 4:2:2 இருந்தால் அதில் எடுங்கள். கீயிங் செய்யும்போது அரைகுறையாகத் தெரியும் ஓரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதிலுள்ள பச்சைச் சாயலை மட்டும் எடுங்கள் (டீஸ்பில்). 1/500 வைத்துக் கூர்மையாக எடுத்து, பிறகு பிளர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு வேகமாகச் சுழலும் கம்பின் அசைவை, மங்கல் சேர்க்கும் ப்ளக்-இன் தப்பாகக் கணக்குப் போடும்.

எடுத்துவிட்ட ஷாட்டில் கம்பை மட்டும் கையால் ஓரம் வரைந்து பிரிக்கலாம் (ரோட்டோ), ஃபிரேம் ஃபிரேமாக. அதைவிடப் பையனை இன்னொரு நாள் கூப்பிடுங்கள். அரை நாள் வேலை.