பேஸ்மேக்கர் வயரை எடுக்கச் சொல்கிறார்கள், மருந்திலேயே ஆற்ற முடியாதா?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 71 வயது. ஒன்பது வருடத்துக்கு முன்பு பேஸ்மேக்கர் வைத்தோம். பெட்டி இருக்கும் இடத்தில் தோல் சிவந்து, இப்போது சின்ன ஓட்டை விழுந்து நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை. மாத்திரை சாப்பிட்டால் காய்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. பெட்டி, வயர் எல்லாவற்றையும் எடுக்கணும் என்கிறார் டாக்டர். ஆனால் என் மாமாவுக்கு வயர் உடைந்தபோது பழையதை உள்ளேயே விட்டுவிட்டுப் புதிது வைத்தார்கள். அப்பாவுக்கும் அப்படியே செய்யலாமே?"

செய்யக் கூடாது. உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி, இதில் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அப்பாவுக்கு நல்லதில்லை.

மாமாவுக்கு வந்தது வயரின் பழுது, அப்பாவுக்கு வந்திருப்பது கிருமித் தொற்று. இரண்டுக்கும் முடிவெடுக்கும் முறையே வேறு.

முதலில் மாமாவின் கதை. டாக்டர்கள் லீட் என்று சொல்லும் அந்த வயர், காறை எலும்புக்குக் கீழே சிரைக்குள் நுழைந்து இதயத்தின் வலது அறைகளுக்குப் போகிறது. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே அது நசுங்க வாய்ப்புண்டு, கை அசையும்போதெல்லாம் மடங்கி மடங்கி, பல வருடம் கழித்து மேலுறை கிழியும் அல்லது உள்ளே இருக்கும் உலோகச் சுருள் முறியும். கிருமி இல்லை, சிரையில் இடம் இருக்கிறது, ஆளுக்கும் வயதாகிவிட்டது என்றால் பழையதை மூடிவைத்துவிட்டுப் பக்கத்திலேயே புதிதாக ஒன்றைச் செலுத்துவது பல நேரம் நியாயமான முடிவுதான். 1990களில் அக்யூஃபிக்ஸ் என்ற லீட்டில் உள்ளே இருந்த கம்பி முறிந்து வெளியே துருத்துகிறது என்று தெரிந்ததும் பலருக்கு முன்னெச்சரிக்கையாக அதை எடுத்தார்கள். கடைசியில் முறிந்த கம்பியால் இறந்தவர்களைவிட, எடுக்கப் போய் இறந்தவர்கள் அதிகம். இளம் வயது நோயாளி, அடைத்துப்போன சிரை, ஏற்கெனவே மூன்று நான்கு வயர் கிடப்பது போன்ற சூழலில் மட்டும் பழுதான வயரையும் எடுக்க யோசிப்பார்கள்.

அப்பாவுடையது அப்படியில்லை. தோலில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும், பெட்டியோ வயரோ வெளியே தெரிந்தாலும், உள்ளே முழுக்கக் கிருமி போய்விட்டது என்றே கணக்கு. பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள்தான் காரணம். அவை உலோகத்திலும் ரப்பரிலும் ஒட்டிக்கொண்டு தங்களைச் சுற்றி வழவழப்பான படலம் கட்டிக்கொள்கின்றன, மருந்து அதைத் தாண்டிப் போய் முழுதாகக் கொல்வதில்லை. மாத்திரையில் காய்ந்து, நிறுத்தினால் திரும்புவது அதனால்தான். காய்ச்சல் இல்லாததை நம்பி உட்காராதீர்கள். வயர் வழியாகக் கிருமி இதயத்தின் வலதுபக்க மூவிதழ் வால்வுக்குப் போய்ச் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தொற்று உறுதியானால் பெட்டி, வயர் முழுவதையும் எடுக்க வேண்டும் என்று 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் தெளிவாகவே சொல்கிறது.

இடையில் யாராவது "ஊசி போட்டுச் சீழை உறிஞ்சிப் பார்க்கலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சுத்தமாக இருக்கும் இடத்திலும் அது கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெட்டியை மட்டும் மாற்றித் தைப்பதும் தீர்வில்லை. வயரை வெட்டி உள்ளே நழுவ விடுவது இன்னும் மோசம், பிறகு எடுக்க வருகிறவருக்குப் பிடிமானமே இருக்காது. ஆன்டிபயாடிக் அடுத்த கோர்ஸ் தொடங்கும் முன் இரத்தக் கல்ச்சர், அதாவது இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, எடுத்தாக வேண்டும், கூடவே உணவுக்குழாய் வழியாக இதயத்தைப் பார்க்கும் எக்கோ.

சரி, எடுப்பது எப்படி? ஒரு வருடத்துக்குள் வைத்த வயர் பெரும்பாலும் இழுத்தாலே வந்துவிடும். ஒன்பது வருட வயரைச் சிரைச் சுவரும் இதயத் தசையும் தழும்பால் கட்டிப் பிடித்திருக்கும். கோயில் சுவரில் வேர்விட்ட ஆலஞ்செடியை வெடுக்கென்று பிடுங்கினால் கல்லும் சேர்ந்து பெயர்ந்து வருமே, அந்த ஆபத்துதான் இங்கேயும். அதனால் வயருக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி நுனிவரை பூட்டிக்கொள்வார்கள், அப்புறம் வயரின் மேலேயே ஒரு குழாயை மெதுவாக நகர்த்தித் தழும்பை அறுத்துக்கொண்டே போவார்கள். சில குழாய்களின் முனையில் லேசர், சிலவற்றில் சுழலும் வெட்டுமுனை. மேலிருந்து வராவிட்டால் தொடைச் சிரை வழியாகப் போய்க் கண்ணிபோட்டு இழுப்பார்கள். நெஞ்சைத் திறக்காமலேயே பெரும்பாலானவர்களுக்கு முடிந்துவிடுகிறது.

பயப்பட வேண்டியது எதற்கு என்றால், இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் மேல் பெருஞ்சிரை கிழிவதற்கும் இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்குவதற்கும்தான். ஐரோப்பாவில் 3,510 பேருக்கு நடந்த வயர் நீக்கத்தைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வில், சிகிச்சையால் வந்த பெரிய சிக்கல் 1.7 சதவீதம், அதற்குள் அடங்கிய இறப்பு 0.5 சதவீதம். வருடத்துக்கு 30-க்கும் குறைவாகச் செய்யும் மருத்துவமனைகளில் நிலைமை இதைவிட மோசம். எனவே டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: இங்கே வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், சிரை கிழிந்தால் சில நிமிடத்தில் நெஞ்சைத் திறக்க இதய அறுவை சிகிச்சை நிபுணர் அதே இடத்தில் தயாராக இருப்பாரா? நேரான பதில் வராவிட்டால் வேறு பெரிய மையத்துக்குப் போங்கள். இந்த விஷயத்தில் வீட்டுக்குப் பக்கம் என்பது காரணமே இல்லை.

பெட்டியை எடுத்தால் அப்பாவின் இதயம் நின்றுவிடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். பேஸ்மேக்கரை முழுக்க நம்பியிருப்பவர்களுக்குக் கழுத்துச் சிரை வழியாகத் தற்காலிக வயர் போட்டு, வெளியே ஒரு பெட்டியில் இணைத்து ஓட்டுவார்கள். இரத்தத்தில் கிருமி இல்லை என்று குறைந்தது 72 மணி நேரக் கல்ச்சர் காட்டிய பிறகு, மறுபக்கத்தில் புதியதை வைப்பார்கள். வயரே இல்லாமல் இதயத்துக்குள்ளேயே உட்காரும் மாத்திரை வடிவப் பேஸ்மேக்கரும் இப்போது இருக்கிறது, அப்பாவின் இதயத் துடிப்புக் கோளாறுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், பேஸ்மேக்கர் இன்னும் தேவையா என்று மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். சிலருக்குத் தேவைப்படாமலே போகலாம்.

போகும்போது பேஸ்மேக்கர் அட்டையை எடுத்துப்போங்கள், எந்த வகை லீட், எந்த வருடம் என்பது அதில் இருக்கும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அதை நீங்களாக நிறுத்தாமல், பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.