திருமுழுக்குத் தண்ணீரும் ‘உரிமைச் சொத்தும்’

கேள்வி: பேதுரு முதல் திருமுகத்தில் (2:9) ‘தேர்ந்தெடுக்கப்பட்ட வழிமரபினர்’ என்று வருகிறது. ஏழெட்டுத் தலைமுறையாகக் கத்தோலிக்கராக இருக்கும் எங்களைப் போன்ற பரம்பரைக் குடும்பங்களைத்தானே அது குறிக்கிறது? – வாசகர், பாம்பன்

பதில்: இல்லை. அந்தத் திருமுகத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். போந்து, கலாத்தியா, கப்பதோக்கியா, ஆசியா, பித்தினியா என ஐந்து பகுதிகளில் சிதறிக் கிடந்தவர்களுக்கு எழுதியது. முன்பு நீங்கள் ஒரு மக்களாகவே இருக்கவில்லை என்று 2:10 சொல்வதும் அவர்களிடம்தான். ஊரும் உறவும் ஒன்றாக இல்லாதவர்களைத்தான் ‘வழிமரபு’ என்கிறார். எட்டாம் தலைமுறைக் குழந்தைக்கும் திருமுழுக்குத் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

அதே வசனத்தின் ‘உரிமைச் சொத்து’, விடுதலைப் பயணம் 19:5-இன் எதிரொலி. அங்கே எபிரேயச் சொல் ‘செகுல்லா’. அரசர் தமக்கென்று தனியே வைத்திருக்கும் பொன், வெள்ளியை அப்படிச் சொல்வார்கள். தாவீது கோவிலுக்கென்று எடுத்துக் கொடுத்த சொந்தப் பொன்னுக்கும் (1 குறிப்பேடு 29:3) இதே சொல்தான். ஆக, பூட்டி வைக்கிற சொத்து அல்ல, வேலைக்கு எடுக்கிற சொத்து. தகுதி பார்த்து எடுத்ததும் இல்லை; இணைச் சட்டம் 7:7 இஸ்ரயேலை எல்லா மக்களிலும் சிறிய கூட்டம் என்கிறது. மற்றவர்களைக் கடவுள் ஒதுக்கிவிட்டார் என்றும் பொருள் கொள்ளாதீர்கள். நற்செய்தியை இன்னும் ஏற்காதவர்களும் இறைமக்களோடு பல வகையில் தொடர்புள்ளவர்களே என்கிறது, 1964-இல் திருச்சபை பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு (எண் 16).

பரம்பரை பேசுவோர் ஓரியூரை நினைத்துக்கொள்ளலாம். 1693-இல் இயேசு சபை குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே வெட்டுண்டது, புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவரை முன்னிட்டு. அவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அப்படி விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண்.

கேள்வி: பிறந்ததும் மூச்சுத் திணறிய குழந்தைக்கு, நாங்கள் கேட்டுக்கொண்டதால் ஓர் இந்து நர்ஸே தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்தார். செல்லுமா? குழந்தை இப்போது நலம். – வாசகி, தங்கச்சிமடம்

பதில்: செல்லும். ஆபத்து நேரத்தில் யாரும் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் போதும். ஆனால் மூன்று விஷயம் உறுதியாகத் தெரிய வேண்டும். தண்ணீர் தலையில் பட்டு ஓடியிருக்க வேண்டும். ஈரப் பஞ்சால் ஒற்றியிருந்தால் சந்தேகம்தான். தந்தை, மகன், தூய ஆவி என்று மூவர் பெயரும் சொல்லித் திருமுழுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்க வேண்டும். ‘இயேசுவின் பெயரால்’ என்பது மட்டும் போதாது. ஊற்றியவரேதான் சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில் பாட்டி சொல்ல நர்ஸ் ஊற்றுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. தண்ணீர் குழாய்த் தண்ணீரோ கடல் தண்ணீரோ, இரண்டும் செல்லும். இளநீர், பதநீர் செல்லாது.

இதையெல்லாம், நாள், சாட்சியோடு பங்குத்தந்தையிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுபோனால் கிறிஸ்மா தைலம், வெள்ளாடை, மெழுகுதிரிச் சடங்குகள் நடக்கும். தண்ணீர் மறுபடி ஊற்ற மாட்டார்கள். விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால் மட்டும் ‘நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்’ என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள்.

கேள்வி: சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நண்பர் திருமுழுக்கில் ஞானத்தந்தையாகலாமா? – வாசகர், மண்டபம்

பதில்: ஆக முடியாது; அவர் கத்தோலிக்கர் அல்ல. கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சாட்சியாக நிற்கலாம். ஞானப்பெற்றோருக்குப் பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றிருக்க வேண்டும். வேறு பங்கிலிருந்து வருகிறவர் என்றால் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.